‘எங்கிருந்தும்’ என்றால் கும்பகோணமும் சேர்த்தியா?

போன வாரம் திருச்சியிலிருந்து அண்ணன் மகன் போன் செய்தான். “அத்தை, ரிமோட் வேலை தேட எந்தத் தளம் நல்லது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள், அதிலேயே உட்கார்ந்துவிடுகிறேன்” என்றான். மென்பொருளில் இரண்டு வருட அனுபவம், ஜாவாஸ்கிரிப்ட் நன்றாக எழுதுவான், பொறுமைதான் கொஞ்சம் குறைவு.

ஒரு தளம் போதும் என்று நானும் நம்பியவள்தான். சென்னை சோழிங்கநல்லூரில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, அம்மாவைக் கவனித்துக்கொள்வதற்காகக் கும்பகோணம் திரும்பினேன். கையில் பைத்தான் நிரல்மொழி இருக்கிறது, வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது, வேலை தானாக வரும் என்று நினைத்தேன். பதினொரு வாரம் ஆயிற்று. அவ்வளவு நாளும் அப்பாவின் மளிகைக் கடையில் மிஞ்சிய நீள நோட்டு ஒன்றில் கணக்கு வைத்தேன். தேதி, எந்தத் தளம், எந்த நிறுவனம், என்ன பதில் என்று நான்கு பத்தி. நான்காவது வாரம் ஐந்தாவதாக ஒரு பத்தியைக் கோடு போட்டுச் சேர்த்தேன்: ‘எந்த நாட்டில் இருப்பவரை எடுப்பார்கள்?’ அந்தப் பத்தியை முதல் நாளே சேர்த்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அதைச் சேர்க்க வைத்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மூன்று சுற்று நேர்முகம் முடிந்தது. கடைசி அழைப்பில் மனிதவளப் பிரிவிலிருந்து வந்த பெண் மிகவும் மரியாதையாக, “நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். தமிழ்நாடு என்றேன். அவர் கேட்டது டெக்ஸஸா, ஓஹையோவா என்று. விளம்பரத்தின் அடியில், நிறம் மங்கிய ஒரு வரியில், அமெரிக்காவில் வேலை செய்ய அனுமதி பெற்றவர்கள் மட்டும் என்று இருந்திருக்கிறது. நான் தலைப்போடு நின்றுவிட்டேன்.

அதனால் தளங்களைப் பற்றிப் பேசும் முன் ‘ரிமோட்’ என்ற சொல்லை எப்படிப் படிப்பது என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான விளம்பரங்களில் அதன் பொருள் ‘எங்கள் நாட்டுக்குள் எங்கிருந்தும்’ என்பதுதான். நிறுவனத்துக்குப் பதிவு இல்லாத நாட்டில் ஒருவரை ஊழியராக வைத்துச் சம்பளம் கொடுப்பது வரி, தொழிலாளர் சட்டம் என்று பெரிய தலைவலி. வேலை வீட்டிலிருந்துதான், அந்த வீடு எந்த நாட்டில் என்பது அவர்களுக்கு முக்கியம்.

விளம்பரத்தைத் திறந்ததும் தலைப்பை விட்டுவிட்டுச் சலுகைகள் பட்டியலுக்குப் போங்கள். அங்கே ‘401கே’ என்று இருந்தால் அது அமெரிக்க ஓய்வூதியச் சேமிப்பு. பல்லுக்கும் கண்ணுக்கும் தனித்தனிக் காப்பீடு என்றிருந்தாலும் அமெரிக்காவை மனத்தில் வைத்து எழுதியதுதான். ‘இஎம்இஏ’ என்றால் ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா. நாம் அதில் இல்லை. ‘ஏபிஏசி’ என்றால் ஆசிய பசிபிக், நாம் உண்டு. ‘லேட்டம்’ லத்தீன் அமெரிக்கா. வேறு நாட்டு ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கும் பொறுப்பை ஏற்கும் டீல், ஆய்ஸ்டர், ரிமோட் (இதுவும் ஒரு நிறுவனத்தின் பெயர்) போன்றவை வழியாகச் சம்பளம் தருவோம் என்று எழுதியிருந்தால் முகம் மலரலாம். பல நாடுகளில் ஆட்களை எடுப்பவர்கள்தான் அந்தச் சேவைகளுக்குப் பணம் கட்டுவார்கள்.

நேர மண்டலத்தையும் விரல் விட்டு எண்ணுங்கள். ‘கிழக்கு அமெரிக்க நேரத்தோடு நான்கு மணி நேரம் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்’ என்றால், அவர்களுடைய காலை 9 முதல் 1 வரை என்பது நமக்குக் குளிர்காலத்தில் இரவு 7:30 முதல் 11:30 வரை. கோடையில் ஒரு மணி நேரம் முன்னால் வரும். ஜெர்மனி என்றால் அவர்களுடைய காலை 9 நமக்குப் பகல் ஒன்றரை, கோடையில் பன்னிரண்டரை. இதுதான் எனக்குப் பிடித்த நேரம். காலையில் அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போய் வந்துவிடலாம். ஒரு விளம்பரத்தில் ‘மத்திய ஐரோப்பிய நேரத்திலிருந்து நான்கு மணி நேர வித்தியாசத்துக்குள்’ என்று பார்த்தேன். நமக்கும் அவர்களுக்கும் கோடையில் மூன்றரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அதாவது பங்குனியில் தகுதி உண்டு, ஐப்பசியில் தகுதி போய்விடும். எழுதிக் கேட்டேன். சிரிப்புப் பொம்மை போட்டு, “அரை மணி பரவாயில்லை, விண்ணப்பியுங்கள்” என்று பதில் வந்தது. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

காசு யார் கொடுக்கிறார்கள்?

தளங்களை ஒப்பிட நான் கேட்கும் முதல் கேள்வி இது. வீ வொர்க் ரிமோட்லி போன்ற தளத்தில் ஒரு விளம்பரம் போட நிறுவனம் சில நூறு டாலர் கட்டுகிறது. காசு கொடுத்துப் போட்டவர் ஆள் எடுக்கும் எண்ணத்தோடுதான் போட்டிருப்பார். பல இடங்களிலிருந்து விளம்பரங்களைத் தானாக அள்ளிக்கொண்டு வந்து கொட்டும் திரட்டித் தளங்களில் அந்த உத்தரவாதம் இல்லை. மூடிய வேலை மாதக்கணக்கில் கிடக்கும். ஃப்ளெக்ஸ்ஜாப்ஸ் மாதிரியான தளத்தில் வேலை தேடுபவர் சந்தா கட்ட வேண்டும். போலி விளம்பரங்களை ஆள் வைத்துக் களைகிறோம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஆனால் அங்கே அமெரிக்காவுக்குள்ளான வேலைகளே அதிகம் என்பதால் கும்பகோணத்திலிருந்து அதற்குச் சந்தா கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் தொடங்கியதுதான் வீ வொர்க் ரிமோட்லி. விளம்பரங்கள் எண்ணிக்கையில் குறைவு, தரத்தில் மேல். ‘உலகில் எங்கிருந்தும்’ என்ற குறிப்பு உள்ளவற்றை மட்டும் படித்தால் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். குறை என்னவென்றால் உலகமே அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடுகிறது. விளம்பரம் வந்த அன்றே போகாவிட்டால் வரிசையில் ஆயிரத்தோராவது ஆளாக நிற்போம்.

ரிமோட் ஓகே, நெதர்லாந்துக்காரரான பீட்டர் லெவல்ஸ் தனியாளாகக் கட்டியது. (பிஎச்பி என்ற நிரல்மொழியில். அதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் கவனிக்க.) அங்கே ஒரு சின்ன வேடிக்கை உண்டு. விளம்பரத்தின் கடைசியில், ‘முழுவதும் படித்தீர்கள் என்று காட்ட விண்ணப்பத்தில் இந்தச் சொல்லைக் குறிப்பிடவும்’ என்று ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்திருப்பார்கள். மொத்தமாக அனுப்பித் தள்ளுகிறவர்களைச் சலித்தெடுக்க வைத்த பொறி. என் நோட்டில் அந்தச் சொல்லை ஓரத்தில் எழுதி வட்டம் போட்டுவிட்டுத்தான் விண்ணப்பத்தைத் தொடங்குவேன்.

ஹிமாலயாஸ் தளத்தில் எந்தெந்த நாடுகள், எந்த நேர மண்டலங்கள் என்று விளம்பரத்திலேயே பிரித்துக் காட்டுவார்கள். இந்தியா என்று வடிகட்டலாம். என் ஐந்தாவது பத்தியை அவர்களே நிரப்பித் தந்துவிடுகிறார்கள். வெல்ஃபவுண்ட் என்பது 2022 வரை ஏஞ்சல்லிஸ்ட் டேலன்ட் என்ற பெயரில் இருந்தது. ஸ்டார்ட்அப் நிறுவனங்கள் அங்கே சம்பளத்தையும் பங்கு விகிதத்தையும் விளம்பரத்திலேயே போடுவது வழக்கம். பங்கு விகிதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சம்பளத்தை மட்டும் பாருங்கள்.

லிங்க்ட்இன் கடல். அதில் வலையை எப்படி வீசுவது என்பதற்கு ஒரே ஒரு உத்தி சொல்கிறேன். வேலை தேடும் பக்கத்தில் ‘ரிமோட்’, ‘கடந்த 24 மணி நேரம்’ இரண்டையும் தேர்ந்தெடுத்துவிட்டு, மேலே முகவரிப் பட்டியைப் பாருங்கள். நீளமான முகவரிக்குள் எங்கோ 86400 என்ற எண் இருக்கும். 24 மணி நேரத்தில் அத்தனை விநாடிகள். அதை அழித்து 3600 என்று எழுதி எண்டர் தட்டினால், கடந்த ஒரு மணி நேரத்தில் வந்த விளம்பரங்கள் மட்டும் வரும். திரையில் அந்தத் தேர்வுக்குப் பொத்தான் இல்லாவிட்டாலும் முகவரி கேட்டுக்கொள்கிறது. நான் மாலை ஆறரைக்கும் இரவு ஒன்பதரைக்கும் இதைத் திறப்பேன். முன்னது நியூயார்க்கில் அலுவலகம் திறக்கும் நேரம், பின்னது கலிஃபோர்னியாவில். குளிர்காலத்தில் இரண்டையும் ஒரு மணி தள்ளிவைத்துக்கொள்ள வேண்டும். ஒரே சொடுக்கில் விண்ணப்பிக்கும் ‘ஈசி அப்ளை’ பொத்தானை அழுத்துவதில்லை. நமக்கு எளிது என்றால் எல்லோருக்கும் எளிது. நிறுவனத்தின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அங்கே விண்ணப்பிப்பேன்.

நௌக்ரியை வெளிநாட்டு வேலை தேடுகிறவர்கள் ஏளனம் செய்வதைப் பார்க்கிறேன். அது நியாயமில்லை. 1997 முதல் இருக்கிற தளம் அது. அங்கே நிறுவனங்கள் நம்முடைய ரெஸ்யூமேக்களைத் தேடிப் பார்க்கவே காசு கொடுக்கின்றன. அதனால் அங்கே விளம்பரங்களை மணிக்கணக்கில் மேய்வதைவிட, தலைப்பு வரியில் சரியான தொழில்நுட்பப் பெயர்களை வைத்துவிட்டுக் காத்திருப்பது மேல். ‘மென்பொருள் வல்லுநர், கடின உழைப்பாளி’ என்று எழுதினால் ஒருவரும் தேடி வரமாட்டார்கள். ‘பைத்தான், ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ், 9 வருடம்’ என்பதைத்தான் தேடுபெட்டியில் தட்டுவார்கள். இந்திய நிறுவனங்களின் ரிமோட் வேலைக்கும், இந்தியாவில் பதிவு வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் வேலைக்கும் இதுவே நேர்வழி. பிஎஃப் உண்டு, காப்பீடு உண்டு, சம்பளம் ரூபாயில் வந்துவிடும். இரண்டு வருட அனுபவம்கூட இல்லாதவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். புதியவரை முகம் பார்க்காமல் வேலைக்கு எடுத்துத் தூரத்திலிருந்து கற்றுக்கொடுக்கப் பொறுமை உள்ள நிறுவனங்கள் சொற்பம்.

மாதத்தில் ஒரு நாள்

என் கணக்கு நோட்டில் அதிகப் பதில் வந்த இடம் பார்க்கவே அழகில்லாத ஒரு பக்கம். வெறும் எழுத்து, மேலே ஆரஞ்சு நிறப் பட்டை. ஹேக்கர் நியூஸ் என்ற தொழில்நுட்ப விவாதத் தளத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் வேலைநாளன்று, கிழக்கு அமெரிக்க நேரம் காலை 11 மணிக்கு, ‘யார் ஆள் எடுக்கிறார்கள்?’ என்று ஓர் உரையாடல் திரி தொடங்கும். நமக்குக் கோடையில் இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. விளம்பரம் போட நிறுவனத்துக்குக் காசு இல்லை. ஆனால் விதி உண்டு: அந்த நிறுவனத்தில் வேலை செய்பவரே எழுத வேண்டும், ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிகளுக்கு இடமில்லை, ஒரு நிறுவனத்துக்கு ஒரு பதிவு. ரிமோட் என்றால் அப்படிச் சொல்ல வேண்டும். ஒரு நாட்டுக்குள் மட்டும் என்றால் அதையும் கூடவே எழுத வேண்டும். என் ஐந்தாவது பத்தி இங்கே முதல் வரியிலேயே இருக்கிறது.

உலாவியின் தேடுபெட்டியைத் திறந்து ‘ரிமோட்’ என்று ஆங்கிலத்தில் தட்டி ஒவ்வொன்றாகத் தாவிக்கொண்டே போவேன். பக்கத்தில் நாடு எதுவும் இல்லாதவற்றை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வேன். ஒரு மாதத்தில் பன்னிரண்டு தேறினால் பெரிது. ஆனால் பல பதிவுகளின் கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும். அது நேராக அந்தக் குழுவின் தலைவருக்கோ நிறுவனருக்கோ போகும். படிவம் இல்லை, கணக்கு திறக்க வேண்டாம், ரெஸ்யூமேவை ஏற்றிவிட்டு அதே விவரத்தை மறுபடி தட்டச்சு செய்யும் கொடுமை இல்லை. அங்கே நான் அனுப்பிய கடிதம் ஒன்று இப்படித் தொடங்கியது: ‘உங்கள் திறந்த மூல நிரல் நூலகத்தில் பெரிய கோப்புகளைப் படிக்கும்போது நினைவகம் நிரம்புகிறது. காரணம் இன்ன வரியில் என்று நினைக்கிறேன். திருத்தம் இணைத்துள்ளேன்.’ அதன் பிறகுதான் நான் யார், எங்கே இருக்கிறேன், எந்த நேரத்தில் வேலை செய்ய முடியும் என்பதெல்லாம். எட்டு வரி. இப்போது பார்க்கும் வேலை அந்தக் கடிதத்தால் வந்தது.

அதே நாளில் ‘யாருக்கு வேலை வேண்டும்?’ என்று துணைத் திரி ஒன்றும் வரும். ஊர், ரிமோட் சம்மதமா, தொழில்நுட்பங்கள், ரெஸ்யூமே, மின்னஞ்சல் என்று கேட்ட வரிசையில் நிரப்பிப் போட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அப்வொர்க், டாப்டல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவை வேறு வகை, தனித்தனி வேலைகளாக எடுத்துச் செய்கிறவர்களுக்கானவை. அப்வொர்க்கில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ‘கனெக்ட்ஸ்’ என்ற டோக்கன்களைச் செலவழிக்க வேண்டும், பெரும்பாலும் அவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சின்னச் சின்ன வேலை எடுத்துப் பெயர் சேர்க்கப் பொறுமை உள்ளவர்களுக்கு அது சரி. டாப்டல், விண்ணப்பிப்பவர்களில் முதல் மூன்று சதவீதத்தை மட்டும் எடுப்பதாகச் சொல்கிறது. ஆங்கில உரையாடல், நேரம் குறித்த நிரல் தேர்வு, நேரடித் தேர்வு, மாதிரித் திட்டம் என்று படிகள் உண்டு. அதற்குத் தனியாகப் பயிற்சி எடுக்க நேரம் இருந்தால் முயலலாம்.

தளமே இல்லாமல் தேடும் வழியையும் சொல்லிவிடுகிறேன். பல நிறுவனங்கள் தங்கள் விண்ணப்பங்களைக் கிரீன்ஹவுஸ், லீவர், ஆஷ்பி போன்ற மென்பொருள்களில்தான் வாங்குகின்றன. கூகுளில் ஒரு குறிப்பிட்ட தளத்துக்குள் மட்டும் தேடும் ‘சைட்’ கட்டளையைப் போட்டு, இவற்றில் ஒன்றின் முகவரி, பிறகு உங்கள் தொழில்நுட்பம், ரிமோட், இந்தியா என்று தட்டுங்கள். கால வடிகட்டியில் கடந்த வாரம். எந்தத் தளத்திலும் இன்னும் ஏறாத வேலைகள் அங்கே கிடைக்கும். வேறு தளத்தில் பார்த்த விளம்பரம் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கவும் இதுவே வழி: மூலப் பக்கம் மூடியிருந்தால் விளம்பரம் செத்துவிட்டது என்று பொருள். அப்படியே ஒரு முப்பது நிறுவனங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிட்லேப், ஆட்டோமேட்டிக், உபுண்டு இயங்குதளத்தை உருவாக்கும் கனானிக்கல் என்று பல நாடுகளில் வீட்டிலிருந்தே ஆள் வைத்திருப்பவை.

கிடைமட்ட உருள்பட்டை

ஒரு நாள் ஒருவர் தாமாகவே செய்தி அனுப்பினார். நல்ல சம்பளம், முழு ரிமோட், ஒரு சின்ன நிரல் தேர்வு மட்டும் என்றார். நிரல் களஞ்சியத்தின் முகவரி வந்தது. இறக்கி, நிறுவி, ஓட்டிப் பார்த்து ஒரு பிழையைத் திருத்த வேண்டும். இரவுக்குள் வேண்டும் என்ற அவசரம். ஓட்டும் முன் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். இருபது வரியே உள்ள அமைப்புக் கோப்பு ஒன்றில், திரையின் அடியில் கிடைமட்ட உருள்பட்டை (ஸ்க்ரோல் பார்) கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. வரிகள் எல்லாம் குட்டை. பட்டை மட்டும் ஏன் இப்படி? வலப்பக்கம் இழுத்துக்கொண்டே போனேன். நூற்றுக்கணக்கான வெற்றிடங்களுக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், புரியாத எழுத்துகளாகக் குழப்பிய ஒரு நீள வரி உட்கார்ந்திருந்தது. கணினியில் சேமித்த கடவுச்சொற்களையும் கிரிப்டோ பணப்பைகளையும் திருடுவதற்காக வேலை தேடுகிற டெவலப்பர்களைக் குறிவைக்கும் இந்த முறையைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2023-லேயே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அன்று உருள்பட்டைதான் சொன்னது.

அறிமுகமில்லாதவர் தரும் தேர்வு நிரலைச் சொந்தக் கணினியில் ஓட்டாதீர்கள். உங்கள் கோப்புகளிலிருந்து பிரிந்து தனியாக இயங்கும் மெய்நிகர் கணினி ஒன்றை எழுப்பி, அதில் ஓட்டிவிட்டு அழித்துவிடுங்கள். பதிவுக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம், டெலிகிராமில் மட்டுமே நேர்முகம் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணியும் பணம் கைமாறும் மணி.

வேலை கிடைத்துவிட்டால், டாலரை ரூபாயால் பெருக்கிப் பார்த்துத் தலை சுற்ற வேண்டாம். ஊழியராக இல்லாமல் ஒப்பந்ததாரராக எடுத்தால் பிஎஃப், பணிக்கொடை, மருத்துவக் காப்பீடு எதுவும் இராது. சம்பளத்தோடு கூடிய விடுப்பை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்க வேண்டும். இவற்றைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். அமெரிக்க நிறுவனம் என்றால் டபிள்யூ-8பென் என்ற படிவம் வரும். நாம் அமெரிக்க வரிதாரர் இல்லை என்பதற்கு அது. வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கான வங்கிச் சான்றை மாதாமாதம் சேர்த்து வையுங்கள், முதல் தொகை வந்ததுமே ஆடிட்டரைப் பாருங்கள்.

நேர்முகத் தேதி குறிக்கும் முன் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பையும் பார்த்துவிட வேண்டும். எங்கள் தெருவில் காலை 9 முதல் 2 வரை போகும். என் ஜெர்மன் நேர்முகம் ஒன்று பகல் ஒன்றரைக்கு அமைந்தது. இன்வெர்ட்டர் ஒன்றே முக்காலுக்குக் கீச்சிட்டது. அம்மா விசிறியை நிறுத்தினார், பிறகு குளிர்பெட்டியை, பிறகு பூஜை அறையின் மின்விளக்கை.

இதையெல்லாம் அண்ணன் மகனிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். “சரி அத்தை” என்று வைத்துவிட்டான். நேற்று இரவு பத்து மணிக்கு ஒரு விளம்பரத்தின் படத்தை அனுப்பியிருந்தான். தலைப்பில் ‘எங்கிருந்தும் வேலை செய்யலாம்’. கீழே அவன் சிவப்பில் வட்டம் போட்ட இடத்தில் ‘401கே’. பக்கத்தில் எழுதியிருந்தான்: “இது வேண்டாம்தானே?”